மண் பானை, மண் நகை: ஏற்காட்டில் கடை போடுவதா, சேலத்திலேயே விற்பதா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஒரே கேள்வி பல குரலில் வரும். "அக்கா, ஏற்காட்டில் கோடை விழாவுக்குக் கடை போடலாமா, இல்லை ஆடிக்குப் பொருட்காட்சியில் இடம் எடுக்கலாமா? கையில் இருபதாயிரம்தான் இருக்கு." கேட்பவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே சுடுமண் நகை செய்யும் பெண்கள். சிலர் சக்கரம் சுற்றும் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து, பானையோடு சேர்த்து ஜிமிக்கியும் செய்யப் பழகியவர்கள். எங்கள் வீடும் அப்படித்தான். மாமனார் பானை வனைகிறார், நானும் என் ஓரகத்தியும் நகை செய்கிறோம், இரண்டுக்கும் சூளை ஒன்றுதான்.

ஒன்பது வருடமாக எல்லா இடத்திலும் கடை போட்டுப் பார்த்துவிட்டோம். அதில் நான் கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பானையும் நகையும் ஒரே மண்ணாக இருக்கலாம், ஆனால் இரண்டும் இரண்டு வியாபாரம். இரண்டையும் ஒரே மேசையில் பரப்பினால் ஒன்று இன்னொன்றின் லாபத்தைத் தின்றுவிடும். அதனால் "எந்த விழா நல்லது" என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் எதை விற்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

கடை போட்டுத் திரும்பியவரிடம் "எவ்வளவு ஓடுச்சு?" என்றுதான் எல்லோரும் கேட்போம். ஆனால் கல்லாவில் விழுந்த தொகையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான் பார்ப்பது இவற்றை.

ஒன்று, ஆள்-நாள் கணக்கு. இரண்டு பேர் மூன்று நாள் கடையில் நின்றால் அது ஆறு ஆள்-நாள். செலவெல்லாம் போக நிற்பதை ஆறால் வகுத்துப் பாருங்கள். கடையில் நிற்கும் நாளில் வீட்டில் ஒரு பொருளும் உருவாகாது என்பதால் இந்த எண்தான் உண்மையைச் சொல்லும்.

இரண்டு, வாங்குகிறவர் எப்படி வீட்டுக்குப் போவார்? இதை யாரும் யோசிப்பதே இல்லை, நானும் முதல் மூன்று வருடம் யோசிக்கவில்லை. சொந்த வண்டியில் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவர் பத்து லிட்டர் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பைக்கில் மலையேறி வந்த பையன் அதைத் தட்டிப் பார்த்து, "சூப்பரா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு ஒரு சாவிக்கொத்து வாங்குவான்.

அப்புறம் வண்டிக் கூலியும் உடைசலும், பணம் அன்றைக்கே கைக்கு வருகிறதா இல்லை மாதக்கணக்கில் நிற்கிறதா என்பதும், அதே ஆள் திரும்பவும் நம்மிடம் வாங்க வழி இருக்கிறதா என்பதும்.

## ஏற்காடு: கோடை விழாவும் வாரக்கடைசிகளும்

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, மேலே போய்ச் சேர்ந்தால் 1,500 மீட்டர் உயரம். மே மாதத்தில் அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சியோடு கோடை விழா நடக்கும்போது ஏரியைச் சுற்றி நடக்க இடம் இருக்காது. சேவராயன் கோவில் திருவிழாவும் அதே மாதம்தான். கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எங்களுக்கும் வந்தது.

முதல் தடவை ஒரு குட்டி யானையில் எல்லாவற்றையும் ஏற்றினோம். தண்ணீர்ப் பானை, தயிர்ச்சட்டி, பூந்தொட்டி, மூன்று பெட்டி நகை. பானைக்குள் சட்டி, சட்டிக்குள் வைக்கோல், இடையிடையே பழைய சேலைத் துணி என்று மாமனார் தன் கையாலேயே அடுக்கினார். அவர் அடுக்கினால் தரைச் சாலையில் ஒன்றுகூட உடையாது. மலைப்பாதை வேறு. வளைவுக்கு வளைவு வண்டி ஒரு பக்கம் சாய, அடுக்கு முழுவதும் அந்தப் பக்கம் நகர, அடுத்த வளைவில் மறுபக்கம் நகரும். மேல்நோக்கிக் குலுங்குவதற்குத்தான் வைக்கோல் தாங்குமே தவிர, பக்கவாட்டில் தள்ளுவதற்குத் தாங்காது. மேலே போய்த் தார்ப்பாயை அவிழ்த்தபோது பதினொரு உருப்படி உடைந்து கிடந்தது. கீறல் விட்டது எத்தனை என்று அப்போது தெரியவில்லை, சுண்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். நன்றாக வெந்த பானையைச் சுண்டினால் கணீரென்று வரும், கீறல் இருந்தால் சத்தம் அடைத்துப்போகும். வாங்குபவர்களும் சுண்டிப் பார்ப்பார்கள் என்பதால் கீறல் விட்டதை ஒளித்து விற்க முடியாது, விற்கவும் கூடாது.

மூன்று நாளில் 21,400 ரூபாய்க்கு விற்றது. சந்தோஷமாக இறங்கி வந்து நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டால், கையில் நின்றது 400 ரூபாய். வண்டிக்கு 4,500, ஒரு விடுதி வளாகத்தில் இடத்துக்கு 3,000, இரண்டு ராத்திரி அறைக்கு 3,600, சாப்பாட்டுக்கு 1,800, உடைசல் 1,700, மண், விறகு, வண்ணம், கொக்கி என்று விற்ற பொருளுக்கான அடக்கம் 6,400. மே மாதத்தில் ஏற்காட்டில் அறை வாடகை என்ன என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

விற்றதில் முக்கால்வாசி நகை. பெரிய பானை ஐந்துதான் போனது. மீதியைத் திரும்ப இறக்க வேண்டும், அதற்கும் அதே இருபது வளைவு. கூட்டம் அதிகமாக இருக்கும் நாட்களில் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள், வண்டிக்காரர் அதற்கும் சேர்த்துத்தான் கூலி கேட்பார்.

அடுத்த வருடம் பானையே எடுக்கவில்லை. இரண்டு பெட்டி நகை, ஒரு மடக்கு மேசை, இரண்டு கண்ணாடி, பஸ்ஸிலேயே போனோம். விற்பனை 16,800 தான், போன வருடத்தை விடக் குறைவு. கையில் நின்றது 3,700.

மலையில் நகை ஏன் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஊர் சுற்ற வந்தவர்களுக்கு நேரம் இருக்கிறது. ஒரு பெண் ஜிமிக்கியை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்ப்பாள், பார்த்துவிட்டு வைத்துவிடுவாள், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து அதையே தேடுவாள். அந்த இரண்டாவது வருகையில்தான் வியாபாரம். அதனால் ஒரு ஜோடியை யாராவது ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனால் அதை இடம் மாற்றி வைக்காதீர்கள், திரும்பி வரும்போது கை அதே இடத்துக்குத்தான் போகும். கண்ணாடி குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்றாக இருந்தால் பின்னால் நிற்பவர் பொறுக்காமல் போய்விடுவார்.

மறைந்திருக்கும் செலவு இங்கே வேறு மாதிரி. மே மாதத்தில் மத்தியானத்துக்கு மேல் மழை வந்துவிடும், சில நாள் பனிமூட்டம் கடைக்குள்ளேயே வந்து உட்காரும். சுட்ட மண்ணுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அட்டைப் பெட்டி நமத்துத் தொய்ந்துபோகும், மட்டமான கொக்கி ஒரே சீசனில் கறுத்துவிடும், போஸ்டர் கலர் தீட்டி மேலே பூச்சுக் கொடுக்காத நகை ஈரக் கையில் ஒட்டும். ஒரு அம்மா வெள்ளைச் சுடிதாரில் சிவப்புக் கறையோடு திரும்பி வந்து நின்றார். அன்றிலிருந்து அக்ரிலிக் வண்ணம் தவிர வேறு தொடுவதில்லை. சுடுமண்ணின் சொந்தச் சிவப்பும், சூளையில் புகை மூட்டி எடுக்கும் கறுப்பும் எந்த ஈரத்திலும் போகாது. மலைக்கு அந்த இரண்டு நிறத்தில் பாதிச் சரக்கு கொண்டு போங்கள்.

பிளாஸ்டிக் பை கொண்டு போகாதீர்கள். 2019 ஜனவரி 1-இலிருந்து தமிழ்நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, மலையில் கூடுதலாகப் பார்ப்பார்கள். செய்தித்தாளில் மடித்த கவர் போதும். பெரிய செட் வாங்குபவருக்குச் சின்ன மஞ்சப்பை கொடுத்தால் அதுவே நம் விளம்பரம்.

தனியாக நகை மட்டும் செய்கிறீர்கள், மலையிலோ அடிவாரத்திலோ தங்க ஒரு சொந்தக்காரர் வீடு இருக்கிறது என்றால் ஏற்காடு உங்களுக்கு நல்ல இடம். எங்கள் கணக்கில் அறை வாடகை மட்டும் இல்லாமலிருந்தால் 3,700 என்பது 7,300 ஆகியிருக்கும். விழா நாட்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை வரும் நீண்ட விடுமுறை வாரங்களில் கூட்டம் அளவாக இருக்கும், இடத்து வாடகையும் பேசிக் குறைக்கலாம், ஒவ்வொருவரிடமும் நின்று பேச முடியும்.

## சேலம் பொருட்காட்சி

ஆடி வந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகை, அதையொட்டிப் பொருட்காட்சி. ஒன்றரை மாதம் வரைக்கும் நீளும். சாயங்காலம்தான் கூட்டம், ராத்திரி பத்து வரை நிற்க வேண்டும்.

இங்கே வருகிற குடும்பம் எதற்காக வருகிறது என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு ராட்டினம், எல்லோருக்கும் டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி. அதற்கெல்லாம் செலவு செய்துவிட்டு, வெளியே போகும் வழியில்தான் நம் பக்கம் வருகிறார்கள். ஐம்பது, நூறு ரூபாய்க்குள் கை நீளும், அதற்கு மேல் நீளாது. இரண்டு கடை தள்ளி மெஷினில் அடித்த கவரிங் வளையல் டஜன் கணக்கில் குவித்து வைத்திருப்பார்கள். நாம் ஒவ்வொன்றாகக் கையில் உருட்டிய மணிமாலை பக்கத்தில் அது மலிவாகத் தெரியும். பேரமும் அதிகம். கொலுசு ஊர் இது. வெள்ளியை கிராம் கணக்கில் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, "மண்ணுக்கா இவ்வளவு விலை?" என்றுதான் முதலில் தோன்றும். அப்படிக் கேட்பவரிடம் நான் கோபப்படுவதில்லை. பாதி செய்த மணி ஒன்றையும் ஊசியையும் மேசையிலேயே வைத்திருப்பேன், எப்படிக் கோலம் கீறுகிறோம் என்று ஒரு நிமிடம் செய்து காட்டுவேன். பத்துப் பேரில் மூன்று பேர் வாங்குவார்கள். ஆனால் அதற்கும் நேரம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அது நடக்காது.

பெரிய செலவு வாடகை என்று நினைப்பீர்கள். எங்களுக்குப் பெரிய செலவு ஆள்தான். நாங்கள் மூன்று குழுவாகச் சேர்ந்து ஒரு கடை எடுத்து, எங்கள் பங்குக்குப் பதினைந்து நாள் நின்றோம். அந்தப் பதினைந்து சாயங்காலமும் வீட்டில் சக்கரம் ஓடவில்லை, மறுநாள் காலையில் எழுந்து மண் பிசைய உடம்பில் தெம்பும் இல்லை. ஆடி, ஆவணியில்தான் விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் வேலை குவியும். அதை விட்டுவிட்டுக் கடையில் நின்றதில் இழந்த தொகையை நான் நோட்டில் எழுதவே இல்லை, எழுதியிருந்தால் கணக்கு இன்னும் கீழே போயிருக்கும்.

ஆனால் ஆள் பலம் உள்ள மகளிர் குழுவுக்கு இது சரியான இடம். முறை வைத்து நிற்கலாம், சரக்கு தங்காது, ஊர்க்காரர்கள் என்பதால் அடுத்த விசேஷத்துக்கு வீடு தேடி வருவார்கள். தயிர்ச்சட்டி, மீன் சட்டி, உண்டியல், குழந்தைகள் விளையாடும் செப்புச் சாமான் போன்றவை நன்றாகப் போகும். முந்நூறு ரூபாய்க்கு மேலான நகை செட்டை அடுக்கி வைத்துக் காத்திருக்காதீர்கள்.

## கல்லூரிச் சந்தை

மகளிர் திட்டம் மூலமாகச் சுய உதவிக் குழுப் பொருட்களைக் கல்லூரிக்குள்ளேயே விற்க ஏற்பாடு செய்கிறார்கள், அதற்குப் பெயர்தான் கல்லூரிச் சந்தை. குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் போன இரண்டு நாளும் இடத்துக்கு வாடகை கொடுக்கவில்லை.

காலையில் சும்மா உட்கார்ந்திருப்போம். இடைவேளை மணி அடித்ததும் பதினைந்து நிமிடத்தில் மேசையைச் சுற்றி நாற்பது பேர். அதற்காகவே இரண்டு பேர் வேண்டும், ஒருவர் காட்ட, ஒருவர் பணம் பார்க்க. எல்லாப் பிள்ளைகளும் ஃபோனில்தான் பணம் போடுவார்கள், அத்தனை பேரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் போட்டால் சிக்னல் திணறும், "போயிடுச்சுக்கா" என்று காட்டிவிட்டு வகுப்புக்கு ஓடும். பெரும்பாலும் உண்மையாகவே போயிருக்கும். இருந்தாலும் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், யாரையும் சந்தேகப்பட வேண்டிய அவசியம் வராது.

அறுபதிலிருந்து நூற்றைம்பது வரைதான் இங்கே விலை. சின்னத் தோடு, ஒற்றைப் பதக்கம், கறுப்புக் கயிற்றில் கோத்த மாலை. பானைக்கு இங்கே வேலையே இல்லை. தேர்வு வாரத்தில் தேதி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மாதக் கடைசியிலும் போகாதீர்கள். விடுதிப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து பணம் வரும் முதல் வாரம்தான் நல்ல வாரம்.

எனக்கு இந்த இடத்தில் பிடித்தது வேறு ஒன்று. பிள்ளைகள் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுவார்கள். "இது வெயிட்டா இருக்குக்கா, காது வலிக்கும்" என்று ஒரு பெண் சொன்ன பிறகுதான் ஜிமிக்கியின் உள்ளே குடைந்து எடுத்து எடையைப் பாதியாக்கினோம். புது வடிவம் செய்தால் முதலில் கல்லூரியில் வைத்துப் பாருங்கள், அங்கே போனால் மலையிலும் போகும்.

## பானைக்கு ஊரும் பருவமும்

பானை செய்பவர்களுக்கு விழா மைதானமே தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து. பொங்கலுக்குப் பானை, கோடைக்குத் தண்ணீர்ப் பானை, விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு. பானைக்காரருக்குப் பஞ்சாங்கமே விழாக் காலண்டர். அந்தந்த நாளில் ஊருக்குள்ளேயே, ஆட்கள் நடந்து வந்து தூக்கிப் போகும் இடத்தில் கடை போட்டால் போதும். சேலம் சந்தைக்குப் பேர்போன ஊர். செவ்வாய்ப்பேட்டை என்ற பெயரே செவ்வாய்க்கிழமைச் சந்தையால் வந்ததுதான். காலையில் உழவர் சந்தைக்குக் காய்கறி வாங்க வருபவர் கையில் பையும் இருக்கும், வாசலில் வண்டியும் நிற்கும். அந்தச் சாலையோரத்தில் ஒரு தார்ப்பாய் விரித்து அடுக்கினால் மலையில் மூன்று நாளில் விற்ற பானையை ஒரே காலையில் விற்கலாம்.

இங்கே உள்ள சிக்கல் மழை. சேலத்துக்கு நல்ல மழை ஆவணியிலிருந்து ஐப்பசி வரைக்கும்தான். கார்த்திகை விளக்குக்கு மண் காய வேண்டிய நேரமும் அதுவே. ஈரம் முழுசாகப் போகாத மண்ணைச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெடித்துவிடும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைத்துவிடும். ஒரு சூளை போனால் ஒரு சீசனே போன மாதிரி. அதனால் விளக்கைச் சித்திரை, வைகாசியிலேயே தட்டி நிழலில் காயவைத்துச் சுட்டு அடுக்கிவிடுகிறோம். ஆறு மாதம் அடுக்கி வைக்க இடமும், அதில் போட்ட பணம் ஆறு மாதம் தூங்குவதும்தான் இந்த வியாபாரத்தின் மறைமுகச் செலவு.

## என் நோட்டில் இருக்கும் கணக்கு

இவை எங்கள் வீட்டுக் கணக்கு மட்டும்தான், உங்களுடையது மாறும். பொருள் செய்வதற்கான எங்கள் கைக்கூலியைச் செலவில் சேர்க்கவில்லை. கடைசிக் கட்டத்தில் நிற்கும் தொகைதான் கடையில் நின்றதற்கும் வீட்டில் செய்ததற்கும் சேர்த்துக் கூலி. எல்லாம் ரூபாயில்.

| இடம் | விற்பனை | செலவு | கையில் நின்றது | ஆள்-நாள் | ஒரு ஆள்-நாளுக்கு |
|---|---|---|---|---|---|
| ஏற்காடு, பானையும் நகையும், 3 நாள் | 21,400 | 21,000 | 400 | 6 | 67 |
| ஏற்காடு, நகை மட்டும், 3 நாள் | 16,800 | 13,100 | 3,700 | 6 | 617 |
| பொருட்காட்சி, பங்குக் கடை, 15 நாள் | 27,000 | 21,800 | 5,200 | 15 | 347 |
| கல்லூரிச் சந்தை, நகை, 2 நாள் | 5,200 | 1,800 | 3,400 | 4 | 850 |
| கார்த்திகை, விளக்கும் பானையும், 6 நாள் | 19,500 | 11,100 | 8,400 | 12 | 700 |

விற்பனையில் முதலிடம் பொருட்காட்சிக்கு, ஆள்-நாளில் முதலிடம் கல்லூரிக்கு. கல்லூரியே போதுமா என்றால் போதாது, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் வாய்ப்பு வராது.

## கடையில் கொடுத்து வைப்பது

மலையில் உள்ள பரிசுப்பொருள் கடை, விடுதி வரவேற்பறையில் இருக்கும் கண்ணாடி அலமாரி, டவுனில் உள்ள துணிக்கடை என்று பலர் கேட்பார்கள். "வைத்துவிட்டுப் போங்க, விற்றதும் பணம்" என்பதுதான் ஏற்பாடு. விலையில் மூன்றில் ஒரு பங்கு, சில இடத்தில் அதற்கும் மேல், கடைக்குப் போகும். நாம் நிற்க வேண்டியதில்லை என்பதால் அந்தப் பங்கு நியாயம்தான்.

சிக்கல் எழுத்தில் இல்லாததில் வருகிறது. ஒரு இடத்தில் நாற்பது ஜோடி கொடுத்தோம். நான்கு மாதம் கழித்துப் போனால் பத்தொன்பது ஜோடி இருந்தது, பதிமூன்றுக்குப் பணம் கொடுத்தார்கள், எட்டைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. சண்டை போட்டுப் பயன் இல்லை, எங்களிடம் ஒரு சீட்டுக்கூட இல்லை. இப்போது எங்கே கொடுத்தாலும் இரண்டு படியாக எழுதுகிறோம்: எத்தனை உருப்படி, என்ன விலை, கடையில் உடைந்தாலோ காணாமல் போனாலோ யார் பொறுப்பு, மாதத்தில் எந்தத் தேதியில் கணக்கு. கையெழுத்துப் போடத் தயங்கும் கடையில் வைப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு ஜோடிக்கு மேல் முதல் தடவை கொடுக்காதீர்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே நகை செய்பவர்களுக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் ஏற்ற வழி.

## பெங்களூர், சென்னை கண்காட்சிகள்

சேலத்திலிருந்து பெங்களூர் 200 கிலோமீட்டர்தான், ரயிலும் நிறைய. அங்கே கைவினைக் கண்காட்சிக்கு வருபவர்கள் வாங்கவே வருகிறார்கள், நம் ஊரில் 450-க்குப் பேரம் பேசும் செட்டை அங்கே 800-க்குக் கேள்வி கேட்காமல் எடுப்பார்கள். ஆனால் தனியார் நடத்தும் கண்காட்சிகளில் வாடகை மட்டுமே நாளுக்கு ஆயிரக்கணக்கில் வரும், அதை முன்கூட்டியே கட்ட வேண்டும். கையில் இருபதாயிரம் உள்ளவர் முதல் அடியே அங்கே வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

போவதாக இருந்தால் இரண்டு விஷயத்தை முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் கொடுக்கும் பெஹ்சான் அட்டை, அதாவது கைவினைஞர் அடையாள அட்டை. காந்தி ஷில்ப் பஜார் போன்ற அரசுக் கண்காட்சிகளுக்கு விண்ணப்பிக்க இந்த அட்டை கைவசம் இருக்க வேண்டும். இரண்டாவது ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டியதில்லை. மாநிலம் தாண்டி விற்றால் பொதுவாகப் பதிவு கட்டாயம், ஆனால் பட்டியலில் உள்ள கைவினைப் பொருட்களுக்கு 20 லட்சத்துக்குள் விலக்கு உண்டு. பான் எண்ணும், சரக்கு கொண்டு போவதற்கான இ-வே பில் என்ற இணையச் சீட்டும் இருக்க வேண்டும். மண்பாண்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நகைக்கு எந்தத் தலைப்பு பொருந்தும் என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரக்கு சேர்க்கப் பணம் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். 35 வயது ஆகியிருக்க வேண்டும்.

## ஓமலூர்த் தங்கைக்கு

ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை நீளமாகக் கேட்டிருந்தார். வீட்டுக்காரர் பானை வனைகிறார், அவர் தோடும் பதக்கமும் செய்கிறார், இரண்டு பேரும் சேர்ந்து மே மாதம் ஏற்காட்டுக்குப் போக குட்டி யானைக்கு முன்பணம் கொடுக்கப் போகிறார்களாம். வேண்டாம்மா, முன்பணம் கொடுக்காதே. வீட்டுக்காரர் தண்ணீர்ப் பானையோடு ஓமலூரிலேயே இருக்கட்டும், மே மாத வெயிலில் அவருக்கு அங்கேயே வியாபாரம் இருக்கிறது. நீ ஒரு துணைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போ. பெரிய ஜிமிக்கி முப்பது ஜோடி, சின்னத் தோடு நூறு, பதக்கம் அறுபது, செட் பத்து, சாவிக்கொத்து ஐம்பது. உதிரிக் கொக்கி ஒரு பாக்கெட், குறடு ஒன்று, ஃபெவிக்விக் இரண்டு, கண்ணாடி இரண்டு, பெரிய தார்ப்பாய் ஒன்று. உன் வாட்ஸ்அப் எண் எழுதிய சின்ன அட்டை இருநூறு அடித்துக்கொள், ஒவ்வொரு கவருக்குள்ளும் ஒன்று போடு. மலையில் வாங்கிப் போனவர் கல்யாணத்துக்கு இருபது செட் கேட்டு அந்த அட்டையைப் பார்த்துத்தான் எங்களைக் கூப்பிட்டார். தோடும் பதக்கமும் தபாலில் பத்திரமாகப் போய்ச் சேரும், பஞ்சு சுற்றி அட்டை டப்பாவில் வைத்தால் போதும்.

முதல் நாள் சாயங்காலம் எது போனது, எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தார்கள் என்று இரண்டையும் எழுதி வை. ராத்திரி எனக்கு அனுப்பு, மறுநாளுக்கு எதை முன்னால் அடுக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.